மாத்திரை அட்டையும் காமாட்சி விளக்கும்: சமூகப்பணியில் சமய நம்பிக்கையின் இடம்

1994, ஆகஸ்ட் மாதக் கடைசி. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், பத்துக்குப் பத்து அறையில், ஓர் அக்காவின் எதிரே உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். முதுகிலும் முழங்கைக்கு மேலும் உணர்ச்சியற்ற தேமல்கள். தொழுநோய் என்று உறுதியாகிக் கூட்டு மருந்து தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாவது மாத அட்டையை அவர் பிரிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டு வருவதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. மும்பை தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி முதலாண்டு மாணவி நான். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி.

“சாமி குத்தம்மா இது. போன பொறப்புல நல்ல பாம்ப அடிச்சிருப்பேன். அதுக்குப் போயி மாத்திர கேக்குமா?” என்றார் அக்கா. இன்னொன்றும் சொன்னார். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு உடம்பு கறுத்துப் போனதாம். அம்மனுக்குக் கோபம் கூடிவிட்டதாம். அட்டையில் இருக்கும் குளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும், மருந்து முடிந்தபின் மெல்ல மெல்ல நிறம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். கிருமி, நரம்பு, கை விரல் மடங்கிப்போகும் ஆபத்து, எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். அட்டை பிரிபடாமல் அலமாரியிலேயே இருந்தது.

கோப்பில் எழுதினேன்: ‘மதம்: இந்து. மூடநம்பிக்கை காரணமாக மருந்தை நிறுத்தியுள்ளார். விளக்கம் அளிக்கப்பட்டது.’ என் களப்பணி மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தம்மா எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்? எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அந்த அறையில் இருந்திருக்கிறேன். அலமாரிக்கு மேல் காமாட்சி விளக்கு எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இருந்த படம் யாருடையது என்று பார்க்கவில்லை.

சமூகப்பணியில் சமய நம்பிக்கைக்கு இடம் உண்டா என்று ஒரு நூற்றாண்டாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் அநேகமாக முழுவதும் உதவி செய்பவரின் நம்பிக்கையைப் பற்றியது. அவரைத் தூண்டுவது பக்தியா, ஆள் பிடிக்கும் ஆசையா? அவருடைய காசு எங்கிருந்து வருகிறது? இவை அவசியமான கேள்விகள்தான். ஆனால் அந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். உதவி தேடுபவரின் நம்பிக்கையைப் பற்றி நம் பாடப்புத்தகங்களும் அறிக்கைகளும் சொன்னது மிகக் குறைவு. சொன்னபோதும் ‘மூடநம்பிக்கை’ என்ற ஒற்றை டப்பாவில் போட்டு மூடிவிட்டன, நான் செய்தது போலவே.

தமிழில் இந்த வேலைக்கு இருக்கும் பழைய சொற்கள் எல்லாமே கோயில் வாசலிலிருந்து வந்தவை. ‘தொண்டு’ என்றால் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய அப்பர் நினைவுக்கு வருகிறார். வைணவ வீட்டில் ‘சேவை’ என்றால் முதலில் பெருமாளைச் சேவிப்பது; மனிதருக்குச் செய்வது அதன் பிறகு வந்த பொருள். கிறிஸ்தவர்களுக்கு ‘ஊழியம்’. முஸ்லிம்களுக்கு ஜகாத் கடமை, அதற்கு மேல் கொடுப்பது சதக்கா. கடவுளை மறுத்த இயக்கங்கள்கூட ‘தொண்டர்’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. இன்றும் கட்சிக் கொடி பிடிப்பவர் தொண்டர்தான். ‘சமூகப்பணி’ மட்டுமே பல்கலைக்கழகம் செய்து கொடுத்த, திருநீற்று வாசனையோ சாம்பிராணி வாசனையோ இல்லாத சொல். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்ட மணிமேகலை பௌத்தத் துறவி. 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே பசி ஒன்றுதான் தகுதி, சாதியும் மதமும் கேட்பதில்லை. ஆனால் அந்த அடுப்பை மூட்டவைத்தது சீவகாருண்யம் என்ற ஆழ்ந்த சமய அனுபவம்.

படித்துப் பட்டம் வாங்கிச் செய்யும் தொழிலாகச் சமூகப்பணி இந்தியாவில் பிறந்ததும் பம்பாயில்தான், அதற்கும் ஒரு பாதிரியார்தான் காரணம். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்தவர். 1920களின் நடுவில் பைகுல்லாவை அடுத்த நாக்பாடாவில் அண்டைவீட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். லண்டனின் ஈஸ்ட் எண்டில் சாமுவேல் பார்னெட் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1884-இல் நிறுவிய டாய்ன்பி ஹாலும், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸும் காட்டிய வழி அது: ஏழைகள் குடியிருக்கும் தெருவிலேயே போய்க் குடியிருந்து வேலை செய்வது. நாக்பாடாவில் முஸ்லிம், இந்து, யூதர், கிறிஸ்தவர் எல்லாரும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். மையத்தில் வாசகசாலை இருந்தது, விளையாட்டு இருந்தது, மருத்துவ உதவி இருந்தது. மதப் பிரசங்கம் இல்லை. மிஷன் சம்பளத்தில் வந்தவர் எடுத்த முடிவு என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. உதவி என்ற பெயரில் மதமாற்றம் செய்வதை 1931-இல் காந்தி கடுமையாகக் கண்டித்து எழுதிய காலமும் அதுவே.

1936-இல் பார்சி அறக்கட்டளையான சர் தோராப்ஜி டாட்டா டிரஸ்டின் பணத்தில் நாக்பாடாவிலேயே சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. மான்ஷார்ட் முதல் இயக்குநர். அவருக்குப் பின் வந்தவர் ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பள்ளி 1944-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. 1954-இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு வந்தது. மறு ஆண்டே நியூ மரைன் லைன்ஸில் கத்தோலிக்கச் சகோதரிகள் நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பார்சிப் பணம், அமெரிக்கப் பாதிரியார், தமிழ்க் கிறிஸ்தவர், கத்தோலிக்கக் கன்னியர் என்று அடித்தளம் முழுக்கச் சமயம். ஆனால் அதன் மேல் எழுந்த பாடத்திட்டத்தில் சமயம் கிட்டத்தட்ட இல்லை. செருப்பை வாசலில் விடுவதைப் போல உன் நம்பிக்கையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போ என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல பாடம். இன்றும் மதிக்கிறேன். வீட்டுக்குள் இருப்பவர் தன் நம்பிக்கையை எங்கே கழற்றி வைப்பார் என்பதுதான் பாடத்தில் இல்லை.

நம்பிக்கையிலிருந்து பிறக்கும் சேவையைப் பற்றி மிகக் கூர்மையான விமர்சனத்தை முன்வைத்தவர் அம்பேத்கர். புனா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1932-இல் காந்தியின் முன்முயற்சியில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புச் சங்கம் பின்னர் ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. அந்த நவம்பரில் லண்டனுக்குக் கப்பலில் போகும்போது, அதன் செயலாளர் தக்கர் பாபாவுக்கு அம்பேத்கர் நீண்ட கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்ட மனிதரைத் தனித்தனியாக ஒழுக்கமுள்ளவராக்கும் வேலையில் காசைக் கொட்டுவதா, அல்லது கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ப் பொதுவழி ஆகியவற்றில் அவர்களுக்குள்ள உரிமைக்காகப் போராடுவதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. களத்தில் இறங்கும் ஊழியர்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்புகளிலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். காந்தியருக்குத் தீண்டாமை ஒழிப்பு பாவத்துக்குப் பிராயச்சித்தம். அம்பேத்கருக்கு அது பாத்தியதை. பிராயச்சித்தம் செய்பவரின் கண் தன் ஆன்மாவின் மேல் இருக்கிறது. எதிரே இருப்பவர் அதற்கு ஒரு சந்தர்ப்பமாகிவிடுகிறார். இந்த ஆபத்து இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பார்ப்பதில்லை. புண்ணியம், ஆத்தும ஆதாயம், நன்மை என்று எந்தக் கணக்கில் வரவு வைத்தாலும் இது கூடவே வருகிறது.

ஆனால் அம்பேத்கரே 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். சட்டமும் உரிமையும் போதும் என்று அவர் நிற்கவில்லை. தாதர் சைத்திய பூமியில் அவருடைய நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நாடெங்கிலுமிருந்து வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், சமயம் என்பது உதவி செய்பவரின் சொத்து மட்டுமே என்று சொல்ல மாட்டார்கள்.

தாராவியிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் ஷாப்புகளை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். 1887-இல் படி மசூதி எழுந்தது. 1913-இல் ஆதிதிராவிடர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் எழுந்தது. முதல் தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது 1924-இல். எது முதலில் வந்தது என்று கவனியுங்கள். ஊரில் கோயிலுக்குள் கால் வைக்க விடப்படாதவர்கள் இங்கே வந்து தங்களுக்கென்று ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். அதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதியை விட்டுவிடுகிறோம். ரேஷன் கார்டு இல்லாத, வாடகைச் சீட்டு இல்லாத மனிதருக்குக் கோயில் வரி கொடுத்த நோட்டுப் புத்தகத்தில்தான் முதன்முதலில் பெயர் ஏறியது. சாவு விழுந்தால் உடலை எடுக்க ஆள் வந்தது அந்த நோட்டை வைத்துத்தான். ஊர்ச் சங்கங்கள் பலவற்றின் வேர் அம்மன் கொடையில் இருக்கிறது. நாங்கள் ‘சமூக அமைப்பாக்கம்’ என்று வகுப்பில் படித்ததை அவர்கள் கொடைக்குக் காசு பிரிக்கும்போதே செய்து முடித்திருந்தார்கள்.

மாட்டுங்கா தாராவிக்குப் பத்து நிமிட நடைதான். நான் வளர்ந்தது அங்கே. ஆஸ்திக சமாஜத்தில் பாட்டியின் கையைப் பிடித்துப் பிரதட்சிணம் வந்திருக்கிறேன். கோயிலையும் பஜனையையும் சுற்றிச் சேர்ந்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே நல்ல நிறுவனங்களை எழுப்பின. 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி, கல்லூரிகளில் இன்று எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் ‘தர்மம்’ என்ற சொல், தாராவியைப் பிரிக்கும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. அன்னதானம் நடந்தது, வேத பாடசாலைக்கு நன்கொடை போனது, ஏழை மாணவர்க்கு உதவித்தொகை போனது. வாங்கியவர்கள் அநேகமாகக் கொடுத்தவர்களைப் போலவே இருந்தார்கள். இது மாட்டுங்காவுக்கு மட்டும் உரிய குறை கிடையாது. எல்லாச் சமூகத்தின் தர்மமும் முதலில் தன் ஆளைத்தான் தேடும். ஆனாலும் பத்து நிமிட நடைக்கு எனக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது என்பது என் மனதை இன்றும் உறுத்துகிறது.

உரிமை வழியில் போனவர்களில் மும்பைத் தமிழர் மறக்கக் கூடாத பெயர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் மும்பைக்கு வந்து தச்சு வேலை செய்தவர். டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் குப்பை அள்ளப்படாதபோது, பிள்ளைகளைக் கூட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமக்கவைத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த அந்தக் காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நாக்பாடா மையத்தை விட்டு வெளியே வந்தவர்கள் 1984-இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பும், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் அமைப்பும் சேர்ந்து வேலை செய்தன. மான்ஷார்ட் ஊன்றிய மரத்தின் கிளை அப்படி வேறு திசையில் போயிற்று. அங்கே தினச் சேமிப்பு, குடியிருப்புக் கணக்கெடுப்பு, அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை ஆகியவையே வழிபாடு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் ஒரே சேமிப்புப் பையில் காசு போட்டார்கள். யாருடைய சாமியையும் யாரும் கேட்கவில்லை, யாரும் தன் சாமியை மறைக்கவும் இல்லை. 2000-இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார்.

மத நம்பிக்கை என்ன செய்ய வல்லது என்பதை மும்பை 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரங்களில் பார்த்தது. ஏறத்தாழ 900 பேர் செத்தார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே தாராவியில் கொண்டாட்ட சைக்கிள் ஊர்வலம் போனது. நான் களப்பணிக்குப் போன காலத்தில் பல சந்துகளில் எரிந்த மரக்கட்டைகள் அப்படியே கிடந்தன. யாரிடம் மதத்தைப் பற்றிக் கேட்டாலும் முகம் இறுகியது. மதத்தைப் பற்றிப் பேசாதே என்பது அன்று எங்களுக்குப் பாதுகாப்பு விதியாகவே இருந்தது. அந்த நேரத்தில் மௌனத்துக்குள் போகாதவர்கள் பாவு கோர்டேயும் வக்கார் கானும். ஒருவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், இந்து. மற்றவர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து துணி தைக்கும் தொழில் செய்தவர், முஸ்லிம். இருவரும் மொகல்லா கமிட்டி என்ற அக்கம்பக்க அமைதிக் குழுவின் வேலையில் சேர்ந்து, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள். நான்கு மதத்தின் குருமார்களைப் போல நான்கு குழந்தைகளுக்கு உடை உடுத்தி, நாம் எல்லாரும் ஒன்று என்று இந்தியில் எழுதிய சுவரொட்டியை ஊரெங்கும் ஒட்டவைத்தார்கள். தேவனார் ஆசிரியர்கள் அஞ்சலி மோந்தேரோவும் கே. பி. ஜெயசங்கரும் இவர்களைப் பற்றி ‘நாதா’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். மதத்தை வீட்டிலேயே வைத்துக்கொள் என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவரவர் மத உடையோடே பக்கத்தில் வந்து நில் என்றார்கள். எரிந்த தெருவில் அது பயிற்சி பெற்ற எங்கள் மௌனத்தைவிடப் பயன்பட்டது என்பது என் துணிபு.

இதற்கு மறுபக்கமாகத் தமிழ்நாட்டிலிருந்து ஏர்வாடியைச் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். தர்காவில் தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையைக் காசாக்கியவர்கள் கட்டிய கொட்டகை அது. இதைப் பார்த்தபின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்குக் கை வராது. ஆனால் அதற்குப் பின் நடந்ததும் முக்கியம். குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் ‘தவா-துவா’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதே முறையை ஏர்வாடியிலும் அரசு கொண்டுவந்தது. தர்கா முஜாவர் ஓதி முடித்துவிட்டுப் பக்கத்து அறையில் இருக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார். சங்கிலியை அறுக்கச் சட்டம் வேண்டியிருந்தது. சங்கிலி போன பிறகு நோயாளியை மருந்து வரைக்கும் கூட்டிவர, அவர் ஏற்கெனவே நம்பிய கை தேவைப்பட்டது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976-இல் வந்தது, 2010-இல் புதிதாக எழுதப்பட்டது, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. 2021 கிறிஸ்துமஸ் நாளில் அன்னை தெரசாவின் சபைக்கு உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டு, சில நாட்களில் திரும்பக் கிடைத்ததை நாடே பேசியது. சமய அமைப்புகளுக்குக் கணக்குக் கேட்பது சரி. ஆனால் சிறிய அமைப்பொன்றில் களப்பணியாளரின் சம்பளமே நிர்வாகச் செலவாக எழுதப்பட்டால், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசும் ஆள்தான் முதலில் நிறுத்தப்படுகிறார். அப்படி நின்றுபோனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

இத்தனைக்கும் நடுவில், களத்தில் நிற்கும் ஒருவர் என்ன செய்வது? பணியாளரின் நம்பிக்கை அவரை அதிகாலையில் எழுப்பலாம், பத்தாவது தடவையாகக் கதவைத் தட்டத் தெம்பு தரலாம். நான் பார்த்த நல்ல ஊழியர்களில் பாதிப் பேர் கன்னியர்கள், மீதிப் பேரில் பலர் நாத்திகர்கள். களைத்துப்போவதில் இருவருக்கும் வித்தியாசம் கண்டதில்லை. கதவு திறந்த பிறகு அந்த நம்பிக்கைக்கு அங்கே வேலை இல்லை. வரிசையில் நிற்பவர் ‘எனக்கு உங்கள் ஜெபம் வேண்டாம், அரிசி மட்டும் போதும்’ என்று சொன்னால், அதே அளவு அரிசி அதே முகத்தோடு கிடைக்க வேண்டும். சமய அமைப்பு எதையும் நான் இந்த ஓர் அளவுகோலால்தான் அளக்கிறேன். கொடுப்பவர் எவ்வளவு பக்தர், எந்த மதம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வீட்டுக்குள் இருப்பவரின் நம்பிக்கை வேறு சங்கதி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை. நோயைச் சாமி குற்றம் என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குள் பயம் இருக்கும், வெட்கம் இருக்கும், தன் துன்பத்துக்கு ஓர் அர்த்தம் வேண்டுமென்ற தவிப்பு இருக்கும். சில வேளை ஊராரின் கொடுமையும் இருக்கும். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த சட்டப்பிரிவு 2019-இல்தான் நீக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். நம்பிக்கை என்ற பெயரில் கட்டிப்போடுவதும் அடிப்பதும் நடந்தால் தடுக்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. மற்றபடி, எது மருந்துக்குக் குறுக்கே நிற்கிறது, எது கூட வருகிறது என்று கேட்காமல் தெரியாது.

மேற்பார்வையாளர் கேட்ட அந்தக் கேள்வியை அடுத்த வியாழக்கிழமை அக்காவிடம் போய்க் கேட்டேன். அக்காவுக்கு ஆச்சரியம். அதுவரை மருத்துவமனைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரும் அதைக் கேட்டதில்லையாம். விளக்குக்குப் பின்னால் இருந்தது குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் படம். “முத்த ஆத்துறவதாம்மா முத்தாரம்மா. எனக்கு வந்திருக்கத ஆத்தித் தந்தா காளி வேசம் கட்டுதேன்னு நேந்திருக்கேன்.” தசராவுக்கு விரதம் தொடங்கப் போகிறார். விரதத்தில் இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து உடம்புக்குள் போகலாமா என்ற சந்தேகத்தில்தான் அட்டையைத் தொடவில்லை. நல்ல பாம்பு, போன பிறப்பு என்றதெல்லாம் புதிதாக வந்த பெண்ணிடம் சொல்லக்கூடிய காரணங்கள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் முத்தாரம்மனை நம்புகிறவள் இல்லை. நம்பாத ஒன்றை மருந்துக்காகப் பயன்படுத்துவது ஏமாற்று ஆகாதா என்று கூச்சமாக இருந்தது. வேடம் கட்டுகிறவர்கள் மருந்து சாப்பிடக் கூடாது என்று யார் சொன்னார்கள், அக்கா, என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். “ஊர்ச் சங்கத்துல பெரியவர் ஒருத்தர் இருக்காக, இருபது வருசமா வேசம் கட்டுதவுக. அவுகள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றார். கேட்டார். உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு வந்தால்தான் அம்மன் சந்நிதியில் ஆட முடியும், மருந்தில் தோஷம் இல்லை என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம் நான் போனபோது அட்டை அலமாரியிலிருந்து விளக்கின் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. ஆறு மாத்திரைக் குழிகள் காலி.

கோப்பைத் திறந்து ‘மூடநம்பிக்கை’ என்ற சொல்லை அடித்தேன். ‘மதம்: இந்து’ என்பதற்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினேன்: ‘முத்தாரம்மன், குலசை. காலையில் விளக்கேற்றியதும் மாத்திரை. தசராவுக்கு ஊர் போகிறார், திரும்ப மூன்று வாரம் ஆகும். அடுத்த மாத அட்டையைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடவும்.’